நடுக் காம்பராவின் கூரை

பட்ஜெட் வாசிக்கிற நாளில் எங்கள் கடையில் வியாபாரம் படுத்துவிடும். பதுளை பஜாரில் உள்ள இரும்புக்கடை அது. முதலாளியின் பாட்டனார் திருச்சிப் பக்கமிருந்து வந்து போட்டது. நான் அங்கே பில் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் முதலாளி சுவரில் இருக்கும் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஆணி வாங்க வந்தவரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு பட்ஜெட் கேட்பார். கோடி என்ற சொல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டுவார். தேயிலைத் தோட்டம் என்ற சொல் வந்தால் என் பக்கம் திரும்புவார்.

"கேட்டியா புள்ள? வீடு, ரோடு, தகரம். எல்லாம் ஒங்க ஆளுங்களுக்குத்தான். நாங்க வரி கட்டுறோம், நீங்க அனுபவிக்கிறீங்க. குடுத்து வச்சவங்க."

"ஆமாங்க முதலாளி" என்பேன். சம்பளம் தருகிறவரிடம் வேறென்ன சொல்வது? வாயில் வந்ததையெல்லாம் விழுங்கி விழுங்கி எனக்கு வயிற்றில் புண்ணே வந்துவிட்டது.

போன பட்ஜெட்டன்று பூட்டு வாங்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முதலாளியோடு மல்லுக்கு நின்றார். அரசாங்கம் இப்படி அள்ளி இறைக்கிறதே, சாதாரண ஜனத்துக்கு அதில் ஏதாவது வந்து சேருகிறதா என்று கேட்டார். சேருகிறது என்றார் முதலாளி. சேரவில்லை என்றார் வாத்தியார். தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சேருகிறது ஐயா, எங்கள் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். நான் படித்த புத்தகம் அரசாங்கம் தந்தது. போட்டுப் போன வெள்ளைக் கவுன் அரசாங்கம் தந்த துணியில் தைத்தது. அம்மா சாகக் கிடந்தபோது பெரியாஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்காமல் பார்த்தார்கள். ஆகவே அரசாங்கம் எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று ஒப்பாரி வைக்கிற ஆள் நான் இல்லை. செய்தது. ஆனால் அது செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் லயம், ஸ்பிரிங்வெளிப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் மேலே ஏறவேண்டிய ஒரு டிவிசனில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன நீளக் கட்டடம். உள்ளே சுவர் வைத்துப் பிரித்த காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஓர் அடுப்படி, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு துண்டுத் திண்ணை. சுவர்தான் தனித்தனி. கூரை எல்லோருக்கும் ஒன்று. இந்த முனையில் ஒருவன் தகரத்தின்மேல் ஏறினால் அந்த முனையில் தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும். தன் தலைக்கு மேலுள்ள தகரத்தை மட்டும் யாரும் மாற்ற முடியாது. பக்கத்து வீட்டுத் தகரத்தையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். லயத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். கொழும்பில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

எங்களுடையது நடுக் காம்பரா. அப்பாவும் நானும்தான். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இடது பக்கம் தலைவர் மாமா. தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத் தலைவர் அவர். மாமா என்பது லயத்து முறை. அப்பாவும் அவரும் மச்சான் போட்டுப் பேசிக்கொள்வார்கள், அவர் மனைவியை நான் அத்தை என்பேன். வலது பக்கம் கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா, புருஷனை இழந்தவள்.

பெட்ரோல் வரிசை, காஸ் வரிசையெல்லாம் ஓய்ந்து நாடு மறுபடி மூச்சுவிட்ட பிறகு, ஒரே வருஷத்தில் எங்கள் டிவிசனுக்கு இரண்டு திட்டம் வந்தது. ஒன்று, ஏழு பேர்ச் அளவுள்ள காணித் துண்டில் தனி வீடு. மற்றது, லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம். ஒரே ஆள் இரண்டையும் அமுக்கிவிடக்கூடாது என்று ஒரு விதி வைத்தார்கள். வீட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால் தகரம் கிடையாது. தகரம் எடுத்தால் வீடு கிடையாது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்!

அப்பாவின் பெயர் வீட்டுப் பட்டியலில் வந்தது. அப்பா கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிற வேலை அது; கத்தியை வீசும்போது உடம்பும் கூடவே வளையும், ஆனால் நிமிராது. அவர் பிறந்தபோது எந்த நாடும் அவரைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. பிரஜாவுரிமை கிடைக்கும்போது கல்யாணமே முடிந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் அவர் பெயரை எழுதிவிட்டது என்பதே தாங்க முடியாத சந்தோஷம்.

"பாத்தியா, அரசாங்கம் நம்ம பேரைப் போட்டிருக்கு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடிக்கல் நாட்டுகிற அன்று வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வந்தவர்களுக்கு மாலை விழுந்தது, பால் பொங்கியது, பேச்சு நடந்தது. தேயிலையைப் பிடுங்கி எறிந்த ஒரு மேட்டில் கருங்கல் ஒன்றை நட்டார்கள். வந்தவர்களின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. அந்தக் கல்லோடு சரி, அடுத்த கல் வரவேயில்லை.

தலைவர் மாமாவின் பெயரும் வீட்டுப் பட்டியலில் இருந்தது. ஆனால் அவர் கூரைக்குத் தகரமும் வந்தது. கொழும்பில் இருக்கிற மகன் பெயரில் எடுத்தாராம். வலது பக்கத்து அக்காவுக்குப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை, ஆகவே தகரம் கிடைத்தது. அக்காமீது எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். அந்தத் தகரத்துக்கான ஆர்டர் எங்கள் கடைக்குத்தான் வந்தது. முதலாளி சாமி படத்துக்கு இரட்டை மாலை போட்டார். லொறியில் தகரம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அரசாங்கச் சரக்கு கடைச் சரக்கோடு கலந்துவிடாமல் ஒவ்வொரு தகரத்தின் மூலையிலும் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன். விரலெல்லாம் சிவந்து வீட்டுக்குப் போனால், "யாரு புள்ள, எனக்குத் தெரியாம மாப்பிள்ள பாத்து மருதாணி வச்சது?" என்று அப்பா கேலி பண்ணினார். அந்த ஆர்டரோடு முதலாளி வேன் மாற்றினார். வரி கட்டியே தேய்ந்துபோகிறேன் என்று அவர் அங்கலாய்க்கும் நேரமெல்லாம் அந்த வேன் கடை வாசலில்தான் நிற்கும்.

தகரம் அடிக்கத் தச்சு பாஸ்மார் வந்தார்கள். பழைய மரம் உளுத்துவிட்டது என்று தலைவர் வீட்டுக் கூரையையும் அக்கா வீட்டுக் கூரையையும் ஒரு முழம் உயர்த்திப் புது மரம் போட்டார்கள். எங்கள் ஓரத் தகரங்கள் இரண்டு பக்கமும் அவர்கள் தகரத்தோடு சேர்த்து அடித்தவை. அவற்றைப் பிடுங்கினால்தான் அவர்கள் வேலை நடக்கும். பிடுங்கினார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துருப்பிடித்த தகரத்தைத் திரும்ப எங்கள்மேல் போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆணி அடித்துவிட்டு இறங்கினார்கள்.

"பாஸ், இதை இப்படியே போட்டுட்டுப் போனா எப்படி? மழை வந்தா நாங்க எங்க போறது?" என்று கேட்டேன்.

"அது நம்ம வேல இல்ல தங்கச்சி. நடு வீட்டுக்குக் காசு போடல்ல" என்றார் பாஸ். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத்தான் குடித்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் முதல் மழை இறங்கியபோது தெரிந்தது. இரண்டு உயர்ந்த கூரைக்கு நடுவில் எங்கள் கூரை வாய்க்காலாகக் கிடந்தது. காற்று இப்படி அடித்தால் தலைவர் வீட்டுத் தண்ணீர், அப்படி அடித்தால் அக்கா வீட்டுத் தண்ணீர். பழைய ஆணி ஓட்டையிலும் வந்தது, புது ஆணி ஓட்டையிலும் வந்தது, சுவரிலும் வழிந்தது. முன்பு ஒழுகாமல் இருந்ததா என்று கேட்டால், ஒழுகியதுதான். லயத்தில் ஒழுகாத காம்பரா ஏது? ஆனால் அப்போது எல்லோருக்கும் ஒழுகியது. இப்போது எல்லோருடைய மழையும் எங்கள் வீட்டில் பெய்தது.

அக்கா தன் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தாள். "என் வீட்டு மழையும் ஒங்க தலையிலதானே விழுது. எனக்குச் சோறு எறங்கல புள்ள" என்றாள். அந்தப் பெண்ணின் நல்ல மனசைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. நல்ல மனசை வைத்துக்கொண்டு ஓட்டையை அடைக்க முடியுமா?

அப்பாவுக்கு இழுப்பு உண்டு. பனி காலத்தில் வரும், வெயில் வந்தால் போகும். அந்த மழைக்கு வந்த இழுப்பு போகவில்லை. மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்டது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல டாக்டர், பொறுமையாகக் குழாய் வைத்துப் பார்த்தார். மருந்தெல்லாம் சும்மா தந்தார்கள். கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து குடுத்திருக்கேன். ஆனா ஈரம் படாத எடத்துல வச்சிருங்க. பொகையும் கூடாது. இந்த மழையைத் தாண்டிட்டாருன்னா பயமில்ல. நனைஞ்சா மருந்தால ஒண்ணும் ஆகாது."

எங்கள் வீட்டில் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில். அங்கே புகை. கட்டிலில் படுத்தால் நனைவார், அடுப்படியில் உட்கார்ந்தால் புகையில் திணறுவார். இரண்டில் எது பரவாயில்லை என்று அவரையே கேட்க வேண்டிய கேவலம் எனக்கு வந்தது.

"பொகையே இருக்கட்டும். கொஞ்சம் சூடாவது இருக்கும்" என்றார்.

தறப்பாள் வாங்கிக் கூரைமேல் கட்டினோம். இரண்டு நாள் தாங்கியது, பிறகு காற்று அதைக் கிழித்துத் தேயிலைக்குள் எறிந்தது. எனக்கு வேண்டியது நாலு தகரம், அவ்வளவுதான். அப்பாவின் கட்டிலுக்கு மேலே மட்டும் அடித்துக்கொண்டால் இந்த மழையைத் தாண்டிவிடலாம். மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைவர் மாமாவிடம் போனேன்.

"மாமா, நாலு தகரம் போதும். அப்பா படுக்கிற எடத்துக்கு மட்டும்."

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஒண்ணுகூட மிச்சமில்ல புள்ள. இருந்தா ஒங்கப்பனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்? என் மச்சான்ல. கொஞ்சம் பொறு. அதான் வீடு வருதே."

அத்தை கதவோரத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டால் எழுந்து வந்து தலையைத் தடவுகிறவள், அன்றைக்கு நிமிரவே இல்லை. வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லயம் கம்பெனிச் சொத்தும்மா. நாளைக்குக் காலி பண்ணப்போற காம்பராவுக்கு எதுக்குத் தகரம்? வீட்டுப் பட்டியல்ல இருக்கிறவங்க லயத்துல கை வைக்கக்கூடாது." நாளைக்குத்தான் காலி பண்ணப்போகிறோமா, வீடு எங்கே ஐயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடைசியாக முதலாளியிடம் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். "தகரமா? கடையில தகரம் எங்க இருக்கு? நீதானே எல்லாத்துக்கும் செவப்புப் பெயிண்ட் வச்ச. அத்தனையும் அரசாங்கத்துக்கு. அடுத்த லோடு வரட்டும், ஒனக்கு வெல கொறச்சே தாறேன்." அடுத்த லோடு வந்தது. இரண்டாம் கட்டம் என்றார்கள். அதற்கும் நான்தான் பெயிண்ட் வைத்தேன். ஒவ்வொரு தகரத்தையும் தொடும்போது, அப்பாவின் நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. எனக்கு அதுதான் ஆகவில்லை. "அவசரப்படாத. அரசாங்கம்னா பெரிசுல்ல. மெதுவாத்தான் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்ததும், காணியைப் பார்க்கப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தார். குடையோடு கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கினார். அடிக்கல்லைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. குனிந்து அதைப் பிடுங்கினார். தன் ஏழு பேர்ச் எது என்று அவருக்குத் தெரியும். அதில் ஒரு வாழைக்கன்றை ஏற்கெனவே நட்டு வைத்திருந்தார்.

"இது இஸ்தோப்பு. இது அடுப்படி. பொகை இந்தப் பக்கமாப் போயிடும். இங்கதான் என் கட்டில்" என்று காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. குடையை விரித்தேன். அவர் குடைக்கு வெளியே, கட்டில் போடப்போகிற இடத்தில் நின்றார்.

"இங்கிட்டு வாங்கப்பா! நனையாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"நனைஞ்சா என்ன இப்ப? நம்ம சொந்த வீட்டுலதானே நனையிறேன்" என்று சிரித்தார்.

எனக்கு அவரை அடிக்கலாம் போல வந்தது. "வீடாம் வீடு! அவனுங்க குடுக்கிறப்போ நீங்க இருக்கமாட்டீங்க" என்று கத்திவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். வழிநெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கை கொதித்தது.

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில், கடையில் மதியச் சாப்பாட்டை அவிழ்க்கும்போது அக்காவின் போன் வந்தது. "ஒடனே வா புள்ள" என்றாள். அப்புறம் அழுகைதான் கேட்டது. நான் போய்ச் சேரும்போது அப்பா அடுப்படியில் பலகைமேல் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. அறையில் அண்டா நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கொட்டவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

லயத்தில் ஒரு சாவு என்றால் பிணத்தை வாசலில்தான் கிடத்துவோம். காம்பராவுக்குள் கிடத்தினால் வருகிறவர்கள் நிற்க இடமிருக்காது. அதற்குப் பந்தல் வேண்டும். தலைவர் மாமா போனைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் கூடாரம் வந்து இறங்கியது. மக்கள் பணத்தில் வாங்கிய கூடாரம். அதன் நாலு பக்கமும் ஒரு பெரியவர் கைகூப்பிச் சிரிக்கிற படம். வாசல் முழுக்க விரித்தார்கள். நல்ல தடித்த துணி, ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பா ஈரம் படாமல், புகை இல்லாமல், நிம்மதியாகக் கிடந்தார். டாக்டர் சொன்ன இடம் கடைசியில் கிடைத்துவிட்டது.

"பாரு, எம்புட்டு மரியாதை ஒங்கப்பனுக்கு" என்றார் மாமா. குரல் உடைந்துதான் சொன்னார். அவர் அழுகையில் பொய் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மலைப்பாதையில் மண் சரிந்து அண்ணனின் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஆகவே அன்றைக்கு எடுக்க முடியவில்லை, மறுநாள் என்றாயிற்று. மறுநாள் காலையில் இரண்டு பையன்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா பண்றீங்க?"

பையன்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்க்காமல் பேசினார். "இல்ல புள்ள, இது நேத்தைக்கு மட்டுந்தான் சொன்னது. இன்னைக்குக் கீழ மைதானத்துல கூட்டம். இரண்டாம் கட்டத் தகரம் குடுக்குறாங்க. கொழும்புலேருந்து பெரிய ஆளுங்க வாறாங்க. கூடாரம் இல்லாட்டி அவங்க நனைஞ்சிருவாங்க."

"அப்பா நனைஞ்சா பரவாயில்லியா மாமா?"

"ஒரு ரெண்டு மணித்தியாலம்தான். முடிஞ்ச ஒடனே கொண்டாந்துருவேன். வானம் வெளுத்துத்தானே இருக்கு."

கூடாரம் போனது. சிரித்துக்கொண்டிருந்த முகங்களைச் சுருட்டி லொறியில் ஏற்றினார்கள். வானம் வெளுத்திருந்ததும் உண்மைதான். பெண்கள் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்தோம். கீழே மைதானத்தில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. பிறகு ஊவா மலையில் மழை எப்படி வருமோ அப்படி வந்தது, முன்னறிவிப்பே இல்லாமல், வாளியைக் கவிழ்த்த மாதிரி. குடை எந்த மூலைக்கு? அப்பாவின் முகத்தில் மழை அடித்தது. மூடிய கண்ணில் தண்ணீர் தேங்கி வழிந்தது. நான் முந்தானையை விரித்து அவர்மேல் கவிழ்ந்துகொண்டேன். "ஐயோ, செத்தும் நனையிறாரே! செத்தும் விடமாட்டீங்களாடா?" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் அத்தை தன் வீட்டுக்குள் ஓடினாள். ஏதோ இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு பக்கம் தரையில் இழுபட, புதுத் தகரங்களைக் கொண்டு வந்தாள். நாலு தகரம். கட்டிலுக்கு அடியில் சாக்குச் சுற்றி வைத்திருந்தது. சாக்குத் தும்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "நனையக்கூடாது, எங்கண்ணன் நனையக்கூடாது" என்று அழுதுகொண்டே அப்பாவுக்கு மேலே பிடித்தாள். அக்கா ஒரு பக்கம் பிடித்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிக்கும்போதுதான் மூலையைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட். நான் தொட்டு வைத்தது.

"ஏன் அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

"புது வீடு வருதுல்ல புள்ள. அதுல மாட்டுக்கொட்டில் போடலாம்னு ஒங்க மாமா எடுத்து வச்சிருந்தாரு" என்றாள். மழைச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

அடுப்படிப் பலகையில் அப்பா உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலுக்கு அடியில் அந்த நாலு தகரமும் கிடந்திருக்கிறது. இல்லாத வீட்டுக்கு, இல்லாத மாட்டுக்கு. தகரத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டிருப்பேன். கையை எடுத்தால் அப்பா நனைவார். அதனால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் சாயந்திரம் வந்து சேர்ந்தான். எடுத்து, இடுகாட்டு மேட்டில் புதைத்துவிட்டு வந்தோம். மறுநாள் தகரங்களைத் துடைத்து அத்தை வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் வீட்டு வாசற்படியில்கூட நான் ஏறவில்லை. அத்தை பதறிப்போய்க் கையை ஆட்டினாள்.

"வேணாம் புள்ள, வேணாம். பொணத்துக்கு மேல புடிச்சது. தீட்டு. புது வீட்டுக்கு ஆகாது. நீயே வச்சுக்க."

மாமா உள்ளே இருந்தார். "ஆமா, இனி அது எங்களுக்கு எதுக்கு?" என்று குரல் மட்டும் வந்தது.

உயிரோடிருந்தபோது கேட்டும் கிடைக்காத தகரம், அப்பா பிணமாகிப் படுத்ததும் கிடைத்துவிட்டது. கூரையில் அடிக்க ஆபீசில் போய் அனுமதி கேட்கலாம் என்றான் அண்ணன். கேட்டுக் கிழித்தது போதும் என்றேன். கருமாதி முடிந்து கொழும்புக்குப் போகுமுன் அவனே ஏறி அடித்துவிட்டுப் போனான். அப்பாவின் கட்டிலுக்கு நேர்மேலே.

தையில் ஓர் இளம் அதிகாரி வந்தார். வீட்டுத் திட்டத்துக்கு மறுபடியும் காசு ஒதுக்கியிருக்கிறார்களாம். பட்டியலைச் சரிபார்க்க வந்தார். தலைவர் மாமா பக்கத்தில் நடந்து வந்தார். அந்தப் பையன் மரியாதையானவன்தான். எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். துருவுக்கு நடுவில் நாலு புதுத் தகரம் பளபளத்தது. கூரை ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

"அக்கா, ஒங்களுக்குத் தகரம் கெடைச்சிருக்கே. இது அரசாங்கத் தகரம்தானே?"

"ஆமாங்க."

"தகரம் எடுத்தவங்களுக்கு வீடு இல்ல. தெரியுந்தானே? யாரு பேர்ல எடுத்தீங்க?"

"எங்கப்பா பேர்ல."

"எப்ப குடுத்தாங்க?"

"அவரைப் பொதைச்ச மறுநாளு."

பையன் திகைத்துப்போய் மாமாவைப் பார்த்தான். மாமா செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அத்தை இருமினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு நிறைய நேரம் இருந்தது. நான் காத்திருந்தேன். பிறகு பையன், "சரி அக்கா, பேரை வெட்டிர்றேன்" என்றான். வெட்டினான். அடுத்து மாமா வீட்டு வாசலுக்குப் போனான். அங்கே மேலே பார்க்கவில்லை. அந்தத் தகரம் மகன் பெயரில் இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரமே மழை வந்தது. அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்தேன். தகரத்தில் விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மேட்டில் அப்பா நனைந்துகொண்டிருந்தார். நான் நனையாமல் படுத்திருந்தேன்.